ஐந்தின் நடுப்புள்ளி

நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலிருந்து போன மாதம் நிகிதா போன் செய்தாள். இப்போது ஒன்றாம் வகுப்பு எடுப்பது அவள்தான். பெங்களூரிலிருந்து ஏதோ கம்பெனிக்காரர்கள் வந்து மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்களாம். ஆசிரியைகளுக்கு ஆளுக்கொரு பெட்டி. பெட்டிக்குள் பிளாஸ்டிக் பகடைகள், வழவழப்பான அட்டைகள், ஒரு கையேடு. பகடையை உருட்டிப் புள்ளிகளைப் பார்க்கவைத்தால் குழந்தைக்கு எண்களின் அளவு மனதில் பதியும் என்று புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எண்ணிப் பார்க்காமல் பார்த்த மாத்திரத்தில் ‘ஐந்து’ என்று சொல்வதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டாம். வந்திருந்த பெண்கள் எல்லோரும் எழுந்து நின்று அந்தப் பெயரை மூன்று முறை சேர்ந்து சொன்னார்களாம். கடைசி நாள் டேப்லெட்டில் பகடை உருட்டினார்களாம். விரலால் தொட்டால் திரைக்குள் உருளும், விழுந்ததும் கைதட்டல் சத்தம் கேட்கும். கையில் எடுக்க முடியாத பகடை.

“மிஸ், நீங்க அப்பவே டைஸ் வெச்சுப் பாடம் எடுத்தீங்களாமே. ஸ்டாஃப் மீட்டிங்குக்கு வந்து ஒரு பத்து நிமிஷம் உங்க ஜர்னி பத்திப் பேசறீங்களா?” என்று கேட்டாள்.

என் ஜர்னி முப்பத்தொரு வருடமும் ஒரே டவுன் பஸ்ஸில் நடந்தது. பாதி நாள் உட்கார இடம் கிடைக்கவில்லை. மைசூர் ஹெப்பாள் ஃபேக்டரிகளுக்குப் போகிறவர்களோடு தொங்கிக்கொண்டு போய் இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு வகுப்புக்குள் நுழைவேன். பத்து நிமிடம் பேச என்னிடம் ஒன்றும் இல்லை என்று நிகிதாவிடம் சொல்லிவிட்டேன். அது பொய். பத்து நிமிடத்தில் அடங்காது என்பதும், அடக்கினால் யார் மனமும் நோகாதபடி பேசவேண்டியிருக்கும் என்பதும்தான் உண்மை. அதனால் எழுதுகிறேன்.

ஆசிரியப் பயிற்சி இரண்டு வருடம் படித்தேன். சார்ட் பேப்பரில் மாம்பழம் வரையவும், தெர்மாகோலை வெட்டவும், ஒரு பாடத்துக்கு ஐந்து பத்தியில் பாடக்குறிப்பு எழுதவும் கற்றுக்கொண்டேன். ஆறு வயதுக் குழந்தைக்கு ஐந்து என்றால் என்னவென்று எப்படித் தெரியவருகிறது என்று அந்த இரண்டு வருடத்தில் யாரும் சொல்லவில்லை. சொல்லிக்கொடுத்தவர்களுக்கும் தெரிந்திருக்காது. அவர்கள் வரைந்த மாம்பழம் மட்டும் நன்றாக இருந்தது. அந்தப் பயிற்சியைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் காகிதத்துக்குக் கேடு.

வேலையில் சேர்ந்த முதல் வருடம் நானும் எல்லோரையும் போல்தான் நடத்தினேன். ஒன்றிலிருந்து நூறு வரை கோரஸாகச் சொல்லவைத்தேன். பிள்ளைகள் அழகாகச் சொன்னார்கள். ரயில் போகிற மாதிரி தடதடவென்று போவார்கள். நடுவில் நிறுத்தி, ஏழு பெரியதா ஒன்பது பெரியதா என்று கேட்டால் என் முகத்தையே பார்ப்பார்கள். நூறு வரை சொல்லத் தெரிந்த குழந்தைக்குக் கையிலிருக்கும் நாலு சாக்பீஸைப் பார்த்து நாலு என்று சொல்லத் தெரியவில்லை. பெற்றோர்கள் மட்டும் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்கு முன்னால் பிள்ளையை நிற்கவைத்து நூறு வரை சொல்லச் சொல்லிப் பூரித்துப்போனார்கள்.

பகடை எனக்கு எந்தக் கையேட்டிலிருந்தும் வரவில்லை. ஒரு மழை நாளில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்களை உட்காரவைத்து லூடோ ஆடவிட்டேன். நாலு சாக்பீஸை நாலு என்று சொல்லத் தெரியாத அதே பிள்ளை பகடையில் நாலு விழுந்ததும் எண்ணாமல் நாலு கட்டம் தாவினான். அவ்வளவுதான். அதைப் பார்த்தும் விளங்கவில்லையென்றால் நான் வேறு வேலைக்குப் போயிருக்கவேண்டும்.

லூடோ பகடை வாயில் போட்டுக்கொள்ளும் அளவுக்குச் சின்னது. அதனால் எங்கள் தெருவில் இருந்த ஆசாரியிடம் மிச்ச மரத்துண்டுகளில் கைக்கடக்கமாக ஆறு கட்டைகள் செய்யச் சொன்னேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முனை குத்தாமல் மழுக்கிக் கொடுத்தார். புள்ளிகளை நானே நகப்பூச்சால் வைத்தேன். பெஞ்சின் மேல் உருண்டால் அடுத்த வகுப்புக்குச் சத்தம் கேட்கும் என்பதால் துண்டை நாலாக மடித்து விரித்து அதன்மேல் உருட்டுவோம்.

முறை இதுதான். உருட்டு. ஒரு மூச்சு விடும் நேரம் பார்க்கலாம். பிறகு என் உள்ளங்கை பகடையை மூடிவிடும். எத்தனை பார்த்தாய்? வாயால் சொல்லக்கூடாது, விரலால் காட்ட வேண்டும். ஜூன் மாதத்தில் மூன்று வரைதான் கண்ணுக்குப் பிடிபடும். நாலு ஜூலையில் வரும். ஐந்து ஜூலை முடிவதற்குள் வந்துவிடும். ஆறு முரண்டு பிடிக்கும். அது இரண்டு வரிசை மூன்று என்று ஒரு நாள் யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துக் கத்தும்வரை காத்திருக்கவேண்டும். நான் சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போகும். ஆறும் வந்த பிறகு இரண்டு பகடை. ஒன்றை மூடிவிட்டு, மூடியதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததின் புள்ளிகளை அதிலிருந்து தொடர்ந்து எண்ணச் சொல்வேன். மூடிய கையைத் தூக்கிப் பார்க்க எல்லாப் பிள்ளையும் துடிக்கும். தூக்கவிடக்கூடாது. பார்க்காத ஐந்தும் ஐந்துதான் என்று நம்பிக்கை வருவதற்குப் பெயர்தான் கூட்டல். மற்றதெல்லாம் நோட்டில் எழுதுகிற வேலை.

பத்துப் பன்னிரண்டு வருடம் இது யார் கண்ணிலும் படாமல் நடந்தது. பிறகு விமலா மேடம் தலைமையாசிரியையாக வந்தார்.

விமலா மேடத்தை நான் ஒரு நாளும் கோபமாகப் பார்த்ததில்லை. குரலை உயர்த்தமாட்டார். கஞ்சி போட்ட பருத்திச் சேலையில் ஒரு மடிப்பு கலையாமல் காலையில் வந்து, மாலையில் அதே மடிப்போடு போவார். ஆசிரியைகளைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எடுக்கும் வகுப்புதான் பெயர். நான் ‘ஒன் பி’. “ஒன் பி, உட்காருங்க” என்பார். சனிக்கிழமை தோறும் நோட்டுகள் அவர் மேஜைக்குப் போகவேண்டும். முதலில் நோட்டு அடுக்கை மேஜை ஓரத்துக்கு நேராகத் தட்டி வைப்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து மார்ஜினை அளப்பார். கட்டத்துக்குள் இருக்கவேண்டிய எண் கோட்டைத் தொட்டிருந்தால் அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். எட்டும் ஐந்தும் பன்னிரண்டு என்று எழுதியிருந்தால்கூட, கட்டத்துக்குள் அழகாக எழுதியிருந்தால் வட்டம் விழாது. மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கவேண்டாம். அப்படி ஒரு நோட்டு என் கையில் திரும்பி வந்திருக்கிறது. எத்தனை வருடம் அவர் அங்கே இருந்தாரோ, அத்தனை வருடத்தில் ஒரு குழந்தையின் முகத்தை அரை நிமிடம் சேர்ந்தாற்போல் அவர் பார்த்து நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் ஒரு பிள்ளையின் அப்பா வந்து புகார் சொன்னார். பையன் வீட்டில் பகடை வாங்கித் தரச்சொல்லி அழுகிறானாம். மேடம் என் வகுப்புக்கு வந்தார். துண்டின் மேல் கிடந்த ஆறு கட்டைகளையும் பார்த்தார். கன்னடத்தில் ஒரே வார்த்தைதான் சொன்னார்: “ஜூஜு.” சூதாட்டம். கட்டைகளைக் கைக்குட்டையில் எடுத்துக்கொண்டு போய் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

ஆசாரியிடம் வேறு ஆறு வாங்கினேன். இந்த முறை பாடக்குறிப்பில் பகடை என்று எழுதவில்லை. கனசதுரம், வடிவங்கள் அறிமுகம் என்று எழுதினேன். பாடத்திட்டத்தில் கனசதுரம் இருந்தது. மேடம் கையெழுத்துப் போட்டார். புள்ளிகள் ஏன் என்று கேட்கவில்லை. அதே கட்டை, அதே துண்டு, அதே பிள்ளைகள். பெயர் மாறியதும் சூது கழிந்துவிட்டது. எனக்கு இதில் சிரிப்பு வந்ததே தவிர ஆச்சரியம் வரவில்லை. காகிதத்தில் எழுதியிருப்பதுதான் வகுப்பில் நடக்கிறது என்று நம்புகிறவர்களை ஏமாற்றுவது பெரிய சாமர்த்தியம் இல்லை.

இதுவரை மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தாயிற்று. இனி எழுதப்போவது பவித்ராவைப் பற்றி. இதில் முதல் முட்டாள் நான்தான்.

பவித்ரா அரசு ஒதுக்கீட்டில் இலவச இடம் கிடைத்து வந்தவள். அம்மா மாதம்மா தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துப் பெண். புருஷனோடு மைசூருக்கு வந்து, கட்டுகிற வீடுகளில் டைல்ஸ் ஒட்டுகிறவருக்குக் கையாளாக வேலை செய்தாள். வீட்டில் தமிழ். தெருவில் கொஞ்சம் கன்னடம். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் தவிர வேறு எதுவும் பேசக்கூடாது என்று மேடம் வராந்தாவில் பலகை மாட்டிவைத்திருந்தார். பவித்ரா ஜூனில் வந்து மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். வாயைத் திறக்கவில்லை. ஒன், டூ, த்ரீ என்று வகுப்பு முழங்கும்போது உதடு மட்டும் அசையும். அசைவும் மற்றவர்களுக்கு ஒரு எண் பின்னால் வரும்.

ஆனால் பகடையில் அவள் விரல் சரியாக நின்றது. நாலு விழுந்தால் நாலு விரல். ஐந்து விழுந்தால் ஐந்து. ஜூலையிலேயே ஆறு வந்துவிட்டது. ஆகஸ்டில் இரண்டு பகடை ஆரம்பித்ததும் எனக்கு உறுத்தத் தொடங்கியது. ஐந்தும் மூன்றும் விழும். மற்றப் பிள்ளைகள் ஐந்தை மனதில் பிடித்துக்கொண்டு, கண்ணை மேலே செருகி, ஆறு, ஏழு, எட்டு என்று முனகி வந்து சேர்வார்கள். பவித்ரா எண்ணவே மாட்டாள். நான் மூடுவதற்குள் எட்டு விரல் மேலே வந்துவிடும்.

வகுப்பிலேயே கெட்டிக்காரி அனன்யா அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தாள். பார்த்துக் காட்டுகிறாள் என்று முடிவு செய்தேன். வாயே திறக்காத, நோட்டில் பாதி காலியாக விட்டு வருகிற, கட்டட வேலைக்காரியின் பெண் எண்ணாமல் எட்டு என்று எப்படிக் காட்டுவாள்? நான் இப்படி வார்த்தையாக நினைக்கவில்லை. நினைத்தது இதுதான். அவளைக் கடைசி பெஞ்சில், கதவோரம், தனியாக உட்காரவைத்தேன். அங்கேயும் விரல் சரியாகவே வந்தது. அப்படியானால் குருட்டாம்போக்கில் காட்டுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன். ஒரு நாள் அவளை முன்னால் கூப்பிட்டு, புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு ஆங்கிலத்தில் எண்ணச் சொன்னேன். ஒன், டூ, த்ரீ, ஃபைவ் என்றாள். வகுப்பு சிரித்தது. நான் அவர்களை அடக்கவில்லை. பார்த்தாயா, எண்ணத் தெரியவில்லை, அப்புறம் எப்படி விடை வரும் என்று எனக்குள் வெற்றி பெற்றேன்.

மூன்று வாரம் அவள் அந்தக் கதவோரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். எண்ணாமல் பார்ப்பதற்காகவே பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு மேலாகப் பகடை உருட்டிய நான், எண்ணாமல் பார்த்த ஒரே குழந்தையை எண்ணவில்லையென்று தண்டித்தேன். விமலா மேடத்துக்காவது கணக்கு தெரியாது.

மூன்றாவது வாரக் கடைசியில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் வெளியே இருந்தார்கள். பவித்ரா டப்பாவை மூடிவைத்துவிட்டு, என் மேஜையில் கிடந்த இரண்டு பகடைகளையும் பார்த்தபடி நின்றாள். ஒன்றில் ஐந்து, ஒன்றில் மூன்று. ஐந்தின் நடுவில் இருந்த புள்ளியின் மேல் ஆள்காட்டி விரலை வைத்தாள். விரலை அப்படியே மேஜை மேல் இழுத்துக்கொண்டு போய் மூன்றின் மேல் வைத்தாள். வேறு ஒன்றும் செய்யவில்லை.

அறையில் யாரும் இல்லை. பலகை வராந்தாவில் இருந்தது. முதல் முறையாக அவளிடம் தமிழில் பேசினேன்.

“என்ன பண்றே?”

திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டாள். நான் தமிழ் பேசுவேன் என்று அவளுக்குத் தெரியாது. இரண்டரை மாதம் நான் காட்டிக்கொள்ளவில்லை.

“பரவால்ல. சொல்லு.”

“நடுவுல இருக்கறத எடுத்து மூணுக்குக் குடுத்தேன்” என்றாள். “அப்ப இங்கயும் நாலு, அங்கயும் நாலு.”

“ரெண்டு நாலு?”

“எட்டு.”

ஆறும் நாலும் வைத்தேன். ஆறில் ஒன்றை எடுத்து நாலுக்குக் கொடுத்து ஐந்தும் ஐந்தும் என்றாள். ஆறும் ஐந்தும் வைத்தேன். இரண்டு ஐந்து பத்து, ஒன்று வெளியே நிற்கிறது, பத்தும் ஒன்றும் பதினொன்று என்றாள். தமிழில் அந்த எண்ணின் பெயருக்குள்ளேயே பத்தும் இருக்கிறது, ஒன்றும் இருக்கிறது. கன்னடத்திலும் அப்படித்தான். ‘லெவன்’ என்ற சொல்லுக்குள் குழந்தைக்கு ஒரு தகவலும் கிடையாது. அந்தச் சொல்லைத்தான் நாங்கள் அவளுக்குக் கொடுத்து, அது தெரியவில்லையென்று மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டிருந்தோம்.

அன்று மத்தியானமே அவளை மூன்றாவது பெஞ்சுக்கு மாற்றினேன். மன்னிப்புக் கேட்கவில்லை. ஆறு வயதுப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க எங்களுக்குப் பயிற்சி இல்லை என்று அப்போது ஒரு சமாதானம் வைத்திருந்தேன். இப்போது பார்த்தால் அதுவும் கேவலமாகத்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு எண்களின் ஆங்கிலப் பெயர்களைச் சொல்லிக்கொடுத்தேன். பெயர்கள்தான் வரவில்லை. லெவனும் ட்வெல்வும் குழம்பின. தர்ட்டீனும் தர்ட்டியும் ஒன்றாகவே கேட்டன. வந்துவிடும், ஒரு வருடம் போதும் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அரையாண்டுத் தேர்வு அதற்கு முன்னால் வந்தது.

வாய்மொழித் தேர்வை மேடமே தன் அறையில் நடத்துவார். பென்சில்களைத் தூக்கிப் பிடித்து, ஹவ் மெனி என்பார். பவித்ரா பேசவில்லை. ஒரு தடவை தப்பித்தவறி “ஏழு” என்றிருக்கிறாள். மேடம் தாளில் ‘பதில் இல்லை’ என்று எழுதினார். எழுத்துத் தேர்வில் எண்ணின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் பகுதி முழுவதும் காலி. தேர்வு முடிந்த வாரம் மேடம் என்னை அழைத்தார்.

மேஜைமேல் ஒரு கடிதம் தட்டச்சாகித் தயாராக இருந்தது. எதிரில் மாதம்மா நின்றுகொண்டிருந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருக்கவேண்டும், முழங்கை வரை வெள்ளைச் சிமென்ட் காய்ந்திருந்தது. நாற்காலி காலியாக இருந்தது. உட்காரச் சொல்லப்படவில்லை. பவித்ரா அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஒன் பி, உங்களுக்குத் தமிழ் வரும்தானே. இவங்களுக்குச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்க” என்று கன்னடத்தில் சொன்னார் மேடம்.

குழந்தைக்கு இந்தப் பள்ளியின் தரம் ஒத்துவரவில்லை, ஆகவே என் சொந்த விருப்பத்தின்பேரில் மாற்றுச் சான்றிதழ் கேட்டுக்கொள்கிறேன். இவ்வளவுதான் கடிதம். ஒதுக்கீட்டில் வந்த குழந்தையைப் பள்ளி தானாக வெளியே அனுப்ப முடியாது. அம்மா கேட்டால் முடியும். கன்னடமோ ஆங்கிலமோ படிக்கத் தெரியாத அம்மாவைக் கேட்கவைக்க ஒரு தமிழ்க்காரி தேவைப்பட்டாள்.

பயம் இல்லையென்று சொல்லமாட்டேன். ஓய்வு பெற எனக்கு இன்னும் பல வருடம் இருந்தது. மேடம் நினைத்தால் அத்தனை வருடத்தையும் கசக்கவைக்கலாம். கடிதத்தைக் கையில் எடுத்தேன். வரிக்கு வரி, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். ‘சொந்த விருப்பத்தின்பேரில்’ என்ற இடத்தில் மாதம்மா நிறுத்தினாள்.

“ஏனுங் டீச்சர், நானுங்களா கேட்டேன்?”

“நீங்க கேட்கல.”

“நான் கையெழுத்துப் போடலீன்னா?”

“அனுப்ப முடியாது.”

மேடத்துக்குத் தமிழ் பேச வராது, ஆனால் மைசூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த அளவுக்குப் புரியாமல் போகாது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நான் என் பையிலிருந்து இரண்டு பகடைகளை எடுத்து அந்தக் கடிதத்தின் மேலேயே வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. மேடத்துக்குக் காட்டவேண்டும் என்பதைவிட அந்த அம்மாவுக்குக் காட்டவேண்டும் என்றிருந்தது. ஆறும் ஐந்தும். ஒரு மூச்சு. மூடினேன். பவித்ரா பத்து விரலைக் காட்டி மடக்கி, பிறகு ஒரு விரலைக் காட்டினாள். ஐந்தும் நாலும். ஒன்பது விரல். ஆறும் மூன்றும் போட்டபோது மறுபடியும் அதே ஒன்பது விரலைக் காட்டிவிட்டு, ரெண்டும் ஒண்ணுதான் என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

மாதம்மா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, என்னைப் பார்த்து அல்ல, மேடத்தைப் பார்த்துச் சொன்னாள்:

“இவளுக்குக் கணக்கு வருதுங்க. நீங்க வெச்ச பேருதானுங்க வரல.”

மாதம்மா என்ன சொன்னாள் என்று, புரியாததுபோல் மேடம் என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பரீட்சை ஹாலுக்குக் குழந்தை இந்தக் கட்டைகளைக் கொண்டுவரப் போகிறாளா என்று கேட்டார். பிறகு கடிதத்தின் மேலிருந்த பகடைகளை ஸ்கேலால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, பேனாவை மாதம்மாவின் பக்கம் நகர்த்தினார். மாதம்மா பேனாவைத் தொடவில்லை. கையில் சிமென்ட் இருக்கிறது, உங்கள் பேனா அழுக்காகிவிடும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு மகளை அழைத்துக்கொண்டு போனாள். ஹனூர்ப் பக்கத்துக்காரர்கள் மறுப்பதில்கூட ஒரு ‘ங்க’ இருக்கும். அந்தக் கடிதத்தில் கடைசிவரை கையெழுத்து விழவில்லை.

அடுத்த ஜூனில் என்னை ஐந்தாம் வகுப்புக்கு மாற்றினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. என் அனுபவம் பெரிய வகுப்புகளுக்குத் தேவைப்படுகிறதாம். ஒன்றாம் வகுப்புக்கு ஒரு புதுப் பெண் வந்தாள். பிள்ளைகள் மறுபடியும் நூறு வரை ரயில் விட்டார்கள். நான் ‘ஃபைவ் ஏ’ ஆனேன். பகடைகள் வீட்டு அலமாரிக்குப் போயின. நான் போராடவில்லை. ஒரு முறை தைரியமாக இருந்துவிட்டு அதன் பெருமையிலேயே மிச்ச வருடங்களை ஓட்டுகிற ஆசிரியைகளைப் பார்த்திருக்கிறேன். நானும் அவர்களில் ஒருத்திதான்.

பவித்ராவுக்கு ஆங்கிலம் ஒரே வருடத்தில் வந்துவிட்டது. எந்தக் குழந்தைக்கும் வரும். மருந்தோ பயிற்சிப் பெட்டியோ எதுவும் தேவையில்லை, வருடம் ஒன்று தேவை, அவ்வளவுதான். மூன்றாம் வகுப்பில் அவள் முதல் மூன்று ராங்கில் வந்ததும் மேடம் அவளை அடையாளம் கண்டுகொண்டார். சேர்க்கைக்கு வரும் பெற்றோர்களிடம், ஒரு வார்த்தை பேசத் தெரியாமல் வந்த கூலிக்காரர் குழந்தையை எங்கள் பள்ளி எப்படி ஆக்கியிருக்கிறது பாருங்கள் என்று அவள் நோட்டைக் காட்டுவார். அந்தக் கடிதம் அவருக்கு மறந்துபோயிருந்தது. நடித்தார் என்று நான் நினைக்கவில்லை. நிஜமாகவே மறந்துபோயிருந்தது. அதுதான் எனக்கு இன்னும் சகிக்கவில்லை.

நாலு வருடம் கழித்து அவள் என் ஐந்தாம் வகுப்புக்கு வந்தாள். உயரமாக, இரட்டைப் பின்னலோடு, கன்னடமும் ஆங்கிலமும் கலந்து சரளமாகப் பேசிக்கொண்டு. ஒன்றாம் வகுப்பில் நான் அவளை எங்கே உட்காரவைத்தேன் என்பது ஞாபகம் இருப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்போது கணக்கு நோட்டுக்கு மேடம் புது விதி போட்டிருந்தார். ஒவ்வொரு ஸ்டெப்பும் தனி வரியில். ஸ்டெப் விட்டால் விடை சரியாக இருந்தாலும் பாதி மதிப்பெண். கடைசியில் விடையின் அடியில் ஸ்கேலால் இரட்டைக் கோடு. பவித்ராவின் நோட்டு எல்லா வகுப்புக்கும் மாதிரி. ஒரு கட்டத்தின் கோட்டைக்கூட எந்த எண்ணும் தொட்டிருக்காது. அதைத் திருத்தும்போதெல்லாம், கடைசியில் இவர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்று நினைப்பேன். நடுப்புள்ளியை விரலால் இழுத்துக்கொண்டு போன பெண்ணை மார்ஜின் அளக்கவைத்துவிட்டார்கள்.

ஒரு நாள் கரும்பலகையில் கணக்கு எழுதிப்போட்டுவிட்டு வகுப்புக்குள் நடந்துகொண்டிருந்தேன். ஒரு பெட்டியில் இருபத்துநாலு சோப்பு, இருபத்தைந்து பெட்டியில் எத்தனை. எல்லோரும் மேலிருந்து எழுதத் தொடங்கியிருந்தார்கள். பவித்ராவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அவள் பக்கத்தின் மேல் பகுதியைக் காலியாக விட்டிருந்தாள். ஐந்து வரி கீழே அறுநூறு என்று எழுதி, ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு போட்டாள். பிறகு பென்சிலைச் சீவிக்கொண்டாள். மேலே போய், இருபத்துநாலை ஐந்தால் பெருக்கி நூற்றிருபது, இருபதால் பெருக்கி நானூற்றெண்பது என்று ஒவ்வொரு ஸ்டெப்பையும் நிதானமாக, கட்டத்துக்குள் அழகாக, கீழே காத்திருந்த அறுநூறை நோக்கி நிரப்பிக்கொண்டே வந்தாள்.

குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், தமிழில் கேட்டேன். “ஆன்ஸர் முன்னாடியே எப்படி எழுதினே?”

“இருபத்துநாலையும் இருபத்தஞ்சையும் மாத்திப் போட்டேன் மிஸ், இருபத்தஞ்சு நாலு தடவை நூறு. இருபத்துநாலுல அந்த நாலு ஆறு தடவை இருக்கு.” வாசலை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். “ஆன்ஸர் எனக்கு மிஸ். ஸ்டெப்ஸ் மேடத்துக்கு.”

அவள் நோட்டை வாங்கி, ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் தனித்தனியாக டிக் போட்டேன். பத்துக்குப் பத்து கொடுத்தேன். சனிக்கிழமை அது அடுக்கோடு மேடத்தின் மேஜைக்குப் போனது. ஸ்கேலால் அளந்து பார்த்துவிட்டு, ‘வெரி நீட்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.